பாதி பச்சை, பாதி சிவப்பு

திருப்பருத்திக்குன்றத்து சாந்திமதியம்மாளுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். ஊரே சிவப்புக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாலும், அவள் மட்டும் வெண்டைக்காய்க் கூடையோடு பச்சை பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். இறங்கி வந்து கூடைக்குக் கை கொடுக்கிற டிரைவர் கலியன் அதில்தான் இருந்தான். போட்டிக்காகப் பறக்கிற சிவப்பு பஸ்காரன் கூடைக்காரிக்கு நிற்பானா என்ன?

பச்சைக் கம்பெனி நொடித்துப்போயிற்று, டயர் மாற்றக்கூட வக்கில்லை என்று ஊரில் பேச்சு. அப்படியும் மகன் பாலசந்திரன் கல்யாணத்துக்கு உறவுகளை வந்தவாசிக்கு அப்பால் பெண் வீட்டுக்கு அழைத்துப்போக, அந்தக் கம்பெனி வண்டியைத்தான் அமர்த்தினாள். ஒரே நிபந்தனை, பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். சமணர் வீடுகளில் இருட்டிய பிறகு யாரும் சோறு தொட மாட்டார்கள். தாமதித்தால் சம்பந்தி வீட்டில் வடித்த சோறு அப்படியே ஆறும். போன அன்றே அத்தனை பேரும் பட்டினி.

புறப்பட வேண்டிய அன்று காலை தலையில் இடி விழுந்தது. பச்சைக் கம்பெனியைச் சிவப்புக் கம்பெனி வாங்கிவிட்டதாம்.

"சொன்னோமே, கேட்டியா?" என்று உறவெல்லாம் வாய் நீட்டியது. சாந்திமதி நேரே பெரிய காஞ்சிபுரத்து பஸ் ஷெட்டுக்கு நடந்தாள்.

"அந்தக் கல்யாண வண்டி பச்சைக்காரங்க ஒத்துக்கினது. எங்களுக்கு சம்பந்தமில்லமா," என்றார் சிவப்புக் கம்பெனி மேனேஜர் வரதராஜன்.

"வண்டிய வாங்கினீங்க, டிரைவர வாங்கினீங்க. அவங்க குடுத்த வாக்க மட்டும் யாருக்கு வுட்டீங்க? என் சனம் பசியோட படுத்தா, நாளைக்கு எங்கூர்ல உங்க பஸ்ல எவன்பா ஏறுவான்?"

வரதராஜன் தலையைச் சொறிந்தார். "பெயிண்ட் அடிச்சிக்கினு இருக்கிற வண்டி ஒண்ணுதாம்மா இருக்குது."

"அது போதும் சார்!" என்று மூலையில் நின்ற கலியன் சாவிக்குக் கை நீட்டினான்.

சாயங்காலம் நாலு மணிக்கு வந்து நின்ற பஸ் முன்னால் சிவப்பு, பின்னால் பச்சை. மாப்பிள்ளையின் அத்தை ஏறும்போது ஈரப் பெயிண்டில் சாய்ந்து, பட்டுப்புடவையெல்லாம் சிவப்பாகி, வழிநெடுக வைதுகொண்டே வந்தாள். பெருநகர் தாண்டும்போதே வெயில் மஞ்சளாகிவிட்டது. முன்னால் ஒரு சிவப்பு பஸ். இத்தனை வருஷமாக வழிவிடாமல் கலியனைப் புழுதி குடிக்க வைத்த அதே வண்டி. சாந்திமதி கண்ணை மூடிக்கொண்டாள். கலியன் ஹாரன் அடித்தான். அந்த டிரைவர் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்ஸின் சிவப்பு முகத்தைப் பார்த்தான். நம்ம கம்பெனி வண்டியாயிற்றே என்று மரியாதையாக ஒதுங்கிவிட்டான்! கலியன் சிரித்த சிரிப்பு பஸ் முழுக்கத் தொற்றிக்கொண்டது. அத்தையும் சிரித்தாள்.

பெண்ணைப் பெற்ற ஜ்வாலாமாலினி வாசலில் மேற்கே பார்த்தபடி நின்றிருந்தாள். சூரியன் இன்னும் பனைமர உயரத்தில் இருந்தது.

"வாங்க, வாங்க! மொதல்ல கை கழுவுங்க, அப்புறம் பேசிக்கலாம்!"

நேரே பந்திதான். முதல் கவளத்தை வாயில் வைத்தபோதுதான், காலையிலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே சாந்திமதிக்கு உறைத்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

ஜ்வாலாமாலினி பதறிப்போனாள். "என்னா சம்பந்தியம்மா, காரமா இருக்குதா?"

"இல்லமா. சோறு சூடா இருக்குது," என்றாள் சாந்திமதி.