ஏழரை மணிக்குக் கெட்டுப்போகும் ஆம்ப்ளிஃபையர்

சண்முகவேல் இறந்த செய்தி எங்கள் தெருவுக்கு டி.வி. வழியாகத்தான் வந்தது. சரியாக ஏழரைக்குப் படம் போய்ப் புள்ளி புள்ளியாக இரைந்தது. "ஆரம்பிச்சிட்டான்" என்று நாலு வீட்டில் சத்தம் கேட்டது. நானும் திட்டினேன், திட்டுவதற்கென்றே போன் போட்டேன். அவன் தம்பி எடுத்தான். கேபிள் லைன் சுவிட்சை அணைத்த கையோடு அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான் என்றான். செத்தவனை ஏசிய வாய் இது.

நாரணாபுரத்துக் கேபிள்காரன் சண்முகவேலை, இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். லேபிள் பிரஸ்ஸில் என்னோடு ஆறு வருஷம் வேலை பார்த்தவன், பிறகு டிஷ் வைத்து லைன் இழுத்தான். அந்த ஏழரை மணித் தொடரின் நாயகி சுகந்தியைக் கண்டாலே அவனுக்குக் குமட்டும். ஆற்றில் விழுந்தாள், திரும்பி வந்தாள். விஷம் குடித்தாள், அப்போதும் வந்தாள். நடித்த பெண் விலகியதும் 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டு வேறொருத்தியைக் கொண்டுவந்தார்கள். தொடரில் அவள் புருஷன்கூடக் கண்டுகொள்ளவில்லை. நாங்கள் சிரித்தோம். அவன் எரிச்சலோடு சொன்னான்:

"அவளச் சாகவும் விட மாட்டேங்கிறாங்க. தெனம் அள மட்டும் விடுறாங்க. சாவே இல்லாதவளுக்கு எவம்லே அளுவான்?"

அடுத்த தெரு பேச்சியக்காவின் மகள் முத்துமாரி, தீபாவளி சீசன் நேரத்தில் பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் கருகிப்போனாள். கொலுசை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். முகத்தைப் பேச்சியக்காவுக்குக் காட்டவில்லை. ஆறு மாசம் கழித்துத் தொடரில் சுகந்தியைத் தீயில் போட்டார்கள். மூன்றே வாரத்தில் ஆபரேஷன் செய்த புது முகத்தோடு வந்து நின்றாள். எங்கள் வீட்டில் கைதட்டினோம்.

மறுநாள் காலையில் பேச்சியக்கா சண்முகவேலைத் தேடிப் போயிருக்கிறாள்.

"கொலுசு எல்லாப் பிள்ளையளுந்தானப்பா போட்டிருக்கு. எம்பிள்ளையும் வேற மொகத்தோட எங்கனயாச்சும் இருக்கும்ல?"

அவன் அக்காவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். தீக்காய வார்டில் கட்டுப் போட்டுக் கிடந்த ஒவ்வொரு பெண் முன்னாலும் நின்று, "முத்துமாரி" என்று அக்கா கூப்பிட்டுப் பார்த்தாளாம். இதை என்னிடம் சொல்லிவிட்டு, "இத எளுதுனவன ஒரு நா அந்த வார்டுக்குக் கூட்டிட்டுப் போவணும்லே" என்றான்.

அன்றிலிருந்து ஏழரை ஆனால் லைன் போகும், எட்டுக்கு வரும். கேட்டால் ஆம்ப்ளிஃபையர் கெட்டுப்போச்சு என்பான். பெண்கள் அவன் வாசலில் போய் நின்று ஏசினார்கள். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும், சுகந்திக்கு என்ன ஆச்சு என்று பிரஸ்ஸில் மற்றவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

துக்கத்துக்குப் போனபோது அவன் வீட்டு வாசலில் 'மறைந்தும் எங்களோடு வாழ்கிறாய்' என்று ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அவன் மனைவி மூலையில் முகம் புதைத்துக் கிடந்தாள். ஒரு பெண் ஆறுதலாக, "அண்ணன் எங்கயும் போகலம்மா, நம்மகூடத்தான் இருக்காக" என்றாள். பேச்சியக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"அப்படிச் சொல்லாத தாயி. பெறவு இவளும் என்னய மாதிரி தேடிட்டுத் திரிவா. போயிட்டான்னு சொல்லு."

பிறகு அவன் மனைவியைத் தூக்கி நிறுத்தி, "வா, வந்து மொகத்தப் பாரு" என்று உடலருகே கூட்டிப்போனாள்.

இந்த அஞ்சலியை 'மறைந்தும் வாழ்கிறார்' என்று முடித்துத் தரும்படி கேட்டார்கள். முடியாது. சண்முகவேல் செத்துவிட்டான். இனி வரமாட்டான். அவன் தம்பி லைனைச் சரிசெய்துவிட்டான். சுகந்தி இப்போது தடையில்லாமல் அழுகிறாள். ஏழரை ஆனதும் எங்கள் வீட்டு டி.வி.யை நானே எழுந்துபோய் அணைக்கிறேன். "ஏன்?" என்று மனைவி கேட்டால் ஆம்ப்ளிஃபையர் கெட்டுப்போச்சு என்கிறேன். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பொய்யைத்தான்.