அவளுடைய அம்மா எடுத்த பந்து

என் சித்தப்பா ஓர் அமெரிக்கர், அங்கே சம்பளத்துக்குப் பேஸ்போல் ஆடியவர். அடிக்கிறவனுக்கு வெகு தூரத்தில், புல்வெளியின் அந்தலையில் நின்று, உயர வரும் பந்துகளை ஓடிப் பிடிப்பது அவர் வேலை. அதற்கு அவுட்ஃபீல்டர் என்று பெயர். "அவுட்டான ஆளை ஏன் நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள்?" என்று அப்பா கேட்பார். கையுறை போட்டுப் பிடிப்பதும் ஒரு பிடியா என்பது அவருடைய அடுத்த கேள்வி. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடி விரலை முறித்துக்கொண்டவர் அப்படித்தான் கேட்பார்.

சித்தப்பா இளமை முழுவதும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடியிருக்கிறார். பெரிய அணியில் இரண்டு கோடைகாலம்தான் இடம் கிடைத்தது. பிறகு முழங்கால் போய்விட்டது. பயிற்சியாளர் வேலை என்று யாரோ லண்டனுக்கு அழைத்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. முழங்காலைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் சித்தியைக் கண்டு கலியாணம் செய்தார். எனக்கு நினைவு தெரிந்தபோது அவர் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்று, யாராவது மூழ்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தூர நின்று பார்க்கிற வேலைதான் தனக்குச் சரிவரும் என்பார்.

எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பாவின் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் லண்டனில் நடத்திய விளையாட்டு விழா. கிரிக்கெட்டில் அப்பாவின் அணிக்கு ஓர் ஆள் குறைந்ததால் சித்தப்பாவைக் கொண்டுபோய் எல்லைக் கயிற்றருகே விட்டார்கள். அன்று அவருடைய மகள் வருவதாக இருந்தது. அமெரிக்காவில் முதல் மனைவிக்குப் பிறந்தவள். எங்களில் ஒருவரும் அவளைக் கண்டதில்லை. அமெரிக்கா தூரம், அதனால்தான் என்று நான் நினைத்திருந்தேன். காலையிலிருந்து சித்தப்பா பந்தைவிடக் கார் நிறுத்துமிடத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

கடைசிப் பந்தில் எதிரணிக்கு நாலு ஓட்டம் தேவைப்பட்டது. அடித்த பந்து உயர எழும்பி அவரிடமே போனது. அப்பா அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டார். அண்ணாந்தபடி பின்னால் போன சித்தப்பா, கயிற்றுக்கு வெளியே நீல மழைக்கோட்டுடன் நின்ற உயரமான பெண்ணைக் கண்டார். அவருடைய கைகள் இறங்கிவிட்டன. பந்து பக்கத்தில் விழுந்து, உருண்டு, கயிற்றைத் தாண்டி அவள் காலடிக்குப் போனது.

"சம்பளத்துக்குப் பிடிச்ச மனுசன் விட்டிட்டாரே," என்றார் அப்பா.

"இண்டைக்கோ விட்டவர்? அந்தாள் எப்பவோ கைவிட்ட ஆள்," என்று அம்மா தணிந்த குரலில் சொன்னார். சித்தி கேட்காதவர்போலத் தேத்தண்ணிப் போத்தலின் மூடியைத் திருகினார்.

என்னுடையது சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழ். கை தெரியும், விட்டது தெரியும். அப்படியென்றால் முன்பும் ஒரு பந்தை விட்டிருக்கிறார். பாவமாக இருந்தது. ஆறுதல் சொல்ல ஓடினேன்.

சித்தப்பாவின் மகள் பந்தைக் கையில் வைத்திருந்தாள். அவர் அசையாமல் நின்றார். நடுவில் கயிறு கிடந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவள் திரும்பிப் போய்விடுவாள் என்பது எனக்கே விளங்கியது.

நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். "நீங்கள் முந்தியும் ஒன்றை விட்டீர்களாம், அம்மா சொன்னார். அது பெரிய ஆட்டமா?"

சித்தப்பாவின் முகம் வெளிறியது. "பெரியது," என்றார்.

"பிறகு அதை யார் எடுத்தது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, "இவளுடைய அம்மா. தனியே. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை," என்றார்.

அவள் மழைக்கோட்டின் கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கயிற்றைத் தாண்டி வந்து பந்தை அவர் கையில் வைத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அழுதார். தோற்றுப்போன ஓர் ஆட்டத்துக்காக ஒரு பெரிய மனிதர் இவ்வளவு அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டேன். "அம்மா, அமெரிக்காவிலை மட்ச் நடக்கேக்கை பொம்பிளையளும் உள்ளுக்கை போய்ப் பந்து எடுக்கலாமோ?"

அம்மா என் தலையில் கையை வைத்தார். அப்பாவிடம் அன்று பகிடி ஒன்றும் இருக்கவில்லை. நான் அந்த அம்மாவை நினைத்துப் பார்த்தேன். அத்தனை சனம் பார்த்திருக்க, அந்தப் பெரிய புல்வெளியில் தனியே இறங்கி, ஒருவரும் எடுக்காமல் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். நல்ல கெட்டிக்காரியாக இருக்கவேண்டும் என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது.