அரை இஞ்ச் போல்ட்

அன்னமேரி பதினெட்டு வருடம் மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் பாகங்களை அளந்து பார்க்கும் வேலையில் இருந்தாள். அங்கே எல்லாமே மில்லிமீட்டர்தான். அந்த வேலை போனபின் வண்டி பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு அங்கேயே சொந்தமாக ஒரு ஷெட் போட்டாள்.

அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து கரியப்பன் தன் பழைய ஜீப்பைக் கொண்டுவந்தார். பஸ் போகாத அந்த ஊருக்கு, ஆஸ்பத்திரி என்றாலும் சந்தை என்றாலும் அந்த ஜீப்தான். பின்சக்கரத்தில் மூன்று போல்ட் தேய்ந்திருந்தன. அன்னமேரி புதிதாக மூன்று போட்டு, பழைய நட்டுகளையே மாட்டினாள். நட்டு கையாலேயே விறுவிறுவென்று ஏறியது. கடைசியில் ஸ்பேனருக்கு இறுகவும், திருப்தியாக அனுப்பிவைத்தாள்.

மேஜையை ஒதுக்கும்போது, கழற்றிப்போட்ட பழைய போல்ட் ஒன்று கையில் அகப்பட்டது. கம்பெனிப் பழக்கம் விடவில்லை; அளவுகோலான வெர்னியரைத் தேயாத இடத்தில் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு புள்ளி ஏழு மில்லி, அதாவது அரை இஞ்ச். அவள் போட்டதோ பன்னிரண்டு மில்லி. அப்போதுதான் உறைத்தது: அந்த ஜீப்பே இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் நட்டுக்குள் சின்ன போல்ட், ஏதோ விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறது.

போன் போட்டாள், கரியப்பன் எடுக்கவில்லை. ஸ்கூட்டியைக் கிளப்பி, மலைக்குப் போகும் தேன்கனிக்கோட்டை ரோட்டில் விரட்டினாள். எதிரே வந்த ஒவ்வொரு வளைவிலும், கவிழ்ந்த ஜீப் கிடக்கக்கூடாதே என்று மாதாவை வேண்டினாள்.

தேன்கனிக்கோட்டையில் ஒரு டீக்கடை முன்னால் ஜீப் நின்றிருந்தது. கரியப்பன் கையில் டீ கிளாஸ். அவர் மனைவி நஞ்சம்மாவும் இன்னும் நாலு பேரும் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னம்மா, எதுனா மறந்துட்டு வந்துட்டனா?"

"நீங்க இல்லீங்கண்ணா, நான்தான் தப்புப் பண்ணிட்டேன். எல்லாரும் எறங்குங்க."

ஸ்பேனரை வைத்துத் திருப்பினாள். முதல் நட்டு இறுகாமல் சும்மா சுற்றியது. கரியப்பன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இஞ்ச் வண்டிக்கு மில்லி போல்ட்டப் போட்டுட்டேங்கண்ணா."

நஞ்சம்மா அன்னமேரியின் தோளைப் பிடித்தாள். "மலை ஏறுங்காட்டியும் வந்துட்டியே தாயி, அது போதும்."

பக்கத்தில் வெங்கடசாமியின் பழைய டிராக்டர் சாமான் கடையில் அரை இஞ்ச் போல்ட் கிடைத்தது. ஒவ்வொன்றாக அளந்து போட்டாள். நட்டைப் பாதி ஏற்றி ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை.

ஜீப் மலைரோட்டில் ஏறிப் போனது. அவள் வீட்டுக்குப் போகாமல் அந்த டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்து போன் அடித்தது.

"ஊடு வந்து சேந்துட்டோம்மா," என்றார் கரியப்பன். "அடுத்த வாரம் முன்சக்கரத்தையும் நீயே பாத்துடு."