ஷீபாவின் பதிவுக்கு இருந்த உபவாசம்

சபையாரே, நான் மைசூர் மைன்ஸில் இருக்கும் எஸ்தர். ஈஸ்டர் முடிந்த வாரம், பெங்களூர் வேலைக்குப் போக மாரிகுப்பம் ஸ்டேஷனில் நின்ற என் வீட்டுக்காரர் அருள்தாஸ் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். உயிரைக் கர்த்தர் காத்தார். வலது கை மட்டும் தொங்கிப்போனது. திருவிருந்து ஞாயிறு வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். "திராட்சரசக் கிண்ணத்தக் கொட்டிட்டா இன்னா பண்றது? நான் வர்ல" என்பார். நான் அழாத நாள் இல்லை.

அப்போதுதான் ஷீபா வந்தாள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பிசியோவா என்று கேட்டேன்.

"இல்லக்கா. எங்க வேல இன்னான்னு சட்டத்துலயே தனியா சொல்லிக்கீது. சாப்புடறது, சட்ட மாட்றதுன்னு தினப்படி வேலய அந்த ஆளே செய்யற மாதிரி கொண்டாறதுதான்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஸ்பூன் பிடிக்க, டம்ளர் தூக்க அவள் பழக்கினாள். விரல்கள் மடங்க ஆரம்பித்தன.

அந்த நேரம் பார்த்துப் புது விதி. மாநில கவுன்சிலில் பெயர் பதிவானவர்கள்தான் இனி அந்த வேலையைச் செய்யலாமாம். வேலூரில் படித்த ஷீபாவின் பெயர் இங்கே இன்னும் ஏறவில்லை.

"எக்சர்சைஸ் டீச்சர்னு சொல்லிக்கினு வாயேம்மா, யார் கேக்கப் போறாங்க?" என்றேன்.

"பேர மாத்திச் சொல்லிக்கினு வரமாட்டேங்க்கா. ஜெபம் பண்ணிக்கோங்க" என்று போய்விட்டாள்.

பாதிக் கிணறு தாண்டவைத்து விட்டுவிட்டீரே ஆண்டவரே என்று சண்டை போட்டேன். மறுபடி மூன்று வேளையும் நானே ஊட்டினேன். கட்டின புருஷனுக்கு ஊட்டாமல் எவள் பார்த்துக்கொண்டிருப்பாள்?

பிறகு அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஷீபாவின் பதிவுக்காக நீங்களெல்லாம் என்னோடு முழங்காலில் நின்றீர்கள். மத்தியானம் கஞ்சி ஊட்ட என் ஓரகத்தியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் சுத்தமாக மறந்துவிட்டாள்.

சாயங்காலம் அது தெரிந்து பதறிக்கொண்டு ஓடினேன். சட்டையெல்லாம் கஞ்சி. தரையெல்லாம் கஞ்சி. வலது கையில் காலி டம்ளர்.

"இன்னாம்மே பாக்கற? பசிச்சுது, குட்ச்சேன்" என்றார்.

சிரித்தேன், அழுதேன். ஷீபா சொன்ன "அந்த ஆளே" அன்றைக்குத்தான் விளங்கியது. நான் உபவாசம் இருந்தது அவள் பதிவுக்கு. கர்த்தரோ முதலில் என் கையை என் வீட்டுக்காரர் வாயிலிருந்து எடுத்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் பதிவும் வந்தது. ஷீபா முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். அவர் தானே டம்ளரைத் தூக்கிக் காட்ட, அவளும் அழுதுவிட்டாள்.

போன திருவிருந்துக்கு அவர் எழுந்து முன்னே போனதை நீங்களே பார்த்தீர்கள். கிண்ணம் நடுங்கியது. பிடிக்க என் கை தானாக நீண்டது. முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். இரண்டு சொட்டு சட்டையில் சிந்தியது, மீதியை அவரே குடித்தார். அந்த நன்மைக்கு எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் போதாது.

பதில் தாமதமானால் சோர்ந்துபோகாதீர்கள். கேளுங்கள், கர்த்தர் கையில் விட்டுவிடுங்கள். எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார். அதோ, என் வீட்டுக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். கறை போகாத அதே சட்டைதான். பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருக்கிறார். நான் தொடவில்லை.