பஸ்ஸைவிட்டு இறங்கியவள்

பதுளையில் என் புகுந்த வீடு, எங்கள் துணிக்கடையின் மேல்மாடி. படி கடைக்குள்தான் இறங்கும். எங்கே போனாலும் கல்லாவில் இருக்கும் மாமாவைத் தாண்டித்தான் போகவேண்டும். எங்கேம்மா போறே என்பார். அன்பாகத்தான் கேட்பார். பதில் சொல்லிச் சொல்லியே நான் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

கலியாணத்துக்கு முன் தெமோதரையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பித்தேன். கலியாணமானதும், கொஞ்ச நாள் போகட்டும் என்று வீட்டில் நிறுத்தினார்கள். ஐந்து வருஷம் போய்விட்டது.

ஒரு பகல், எல்லாரும் கடையில் இருந்தபோது போனில் ஒரு மலையாளப் படம் பார்த்தேன். பாஷை பாதிதான் புரிந்தது. தாதி வேலைக்குப் படித்த ஒருத்தி புகுந்த வீட்டில் நாள் முழுக்கச் சமைக்கிறாள், துவைக்கிறாள். அவளை யாரும் அடிப்பதில்லை, திட்டுவதுமில்லை. ஒருநாள் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறாள். முகத்தில் சிரிப்புக்கூட இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். மூன்று தரம் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அதையே தமிழில் எடுத்தார்கள். ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறைக்குக் கடை பூட்டியிருந்ததால் எல்லாரும் டீவி முன்னால் உட்கார்ந்தோம். அந்தச் சமையலறை பளபளவென்று இருந்தது. அவள் பட்டுச்சேலையில் பாத்திரம் கழுவினாள். நடுவில் ஒரு பாட்டு வேறு. மாமியார் ஓயாமல் கத்தினாள். முடிவில் புருஷன் மோட்டார் சைக்கிளில் துரத்திவந்து பஸ்ஸை மறித்து மன்னிப்புக் கேட்டான். அவள் அழுதுகொண்டே இறங்கினாள்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல முடிவு என்றார். நல்லவேளை, நம்ம வீட்டில் அப்படி யாரும் கத்துவதில்லை என்றார் மாமா. அது உண்மைதான். அதனாலேயே எனக்கு மூச்சு முட்டியது.

"மலையாளத்துல அவ இறங்க மாட்டா," என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எப்போது பார்த்தாய் என்று கணவர் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப அவ எங்க போவா?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

"வேலைக்கு," என்றேன்.

அத்தை எழுந்து, தேத்தண்ணி வைக்கச் சொன்னார். நான் போய் வைத்தேன்.

அடுத்த மாதம் ஹாலிஎலயில் ஒரு முன்பள்ளிக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுக் கணவரிடம் சொன்னேன். அப்பாவிடம் கேட்கிறேன் என்றார். மாமா, பிறகு பார்க்கலாம் என்றாராம். அதற்குள் வேறொருத்தியை எடுத்துவிட்டார்கள். அதை என்னிடம் சொல்லும்போது கணவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஹாலிஎல பக்கம்தான். கேட்காமலே போய் விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கலாம். நான் போகவில்லை.