பிச்சை முகம்மதுவின் அரைச் சுற்று

பிச்சை முகம்மது கட்டிய கயிற்றை அவிழ்க்க அவரேதான் வர வேண்டும். வீட்டில் அவர் மூடிய தண்ணீர்க் குழாயைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். எதை முறுக்கினாலும், முடிந்த பிறகு ஓர் அரைச் சுற்று கூடுதலாகப் போடாவிட்டால் அந்த மனுஷனுக்குத் தூக்கம் பிடிக்காது. முப்பது வருடமாகக் கவுஞ்சி, பூம்பாறைப் பக்கம் கேரட்டும் பூண்டும் ஏற்றும் கொடைக்கானல் லாரிக்காரர். வளைவில் ஒரு மூட்டைகூட உருண்டதில்லை என்பதில் அவருக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

இதில் அதிகம் நொந்துபோனவன் மருமகன் முஆத். மகள் ஷிபானாவைக் கட்டி, இரண்டு வருடமாக மாமனாரோடு லாரியில் வருகிறான். அவன் இறுக்கியதை எல்லாம் மாமனார் மறுபடி இறுக்குவார். ஏதாவது பிசகினால் பஜாரே கேட்க ஏசுவார். அன்று வெள்ளனே கிளம்பும்போது மனைவி சர்புன்னிசா அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இன்னொரு தடவ நாலு பேருக்கு முன்னால மாப்பிள்ளைய ஏசுனீங்கன்னா, ஷிபானாவக் கூட்டிக்கிட்டு வேற பொழப்பு தேடித் திருப்பூருக்கே போயிருவாராம். அவ அழுதுக்கிட்டுக் கெடக்கா."

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வண்டி ஏறினார்.

கவுஞ்சியில் கேரட் மூட்டை வந்து சேரத் தாமதமானதால், அந்த நேரத்தில் எஞ்சின் ஆயிலை மாற்றினார்கள். பழையதைக் கேனில் வடித்துவிட்டு, ஆயில் தங்கும் சேம்பரின் அடியில் இருக்கும் ட்ரெயின் நட்டை முஆத் அளவாகப் பூட்டினான். அவன் கை கழுவப் போனதும் பிச்சை முகம்மது அடியில் நுழைந்தார். ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி வழக்கமான அரைச் சுற்றைப் போட்டார். நட்டு இறுகவில்லை, சட்டென்று இளகியது. மரை உரிந்துவிட்டது என்று கைக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

புது ஆயில் ஊற்றி, மூட்டைகளை ஏற்றிக் கிளம்பினார்கள். பூம்பாறைக்கு நாலைந்து மைல் இருக்கும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துக் குனிந்து பார்த்தார்கள். அடியில் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. வந்த பாதையெல்லாம் எண்ணெய்க் கோடு. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் எஞ்சின் காய்ந்து இறுகி சீஸ் ஆகியிருக்கும்.

பயம் வந்தால் சிலருக்குக் கால் நடுங்கும். இவருக்கு நாக்கு நீளும். பூம்பாறை மெக்கானிக் தங்கமுத்துவைப் போனில் பிடித்து, மருமகன் பக்கத்தில் நிற்க நிற்கவே, மாப்பிள்ளை நட்டைச் சரியாகப் பூட்டவில்லை, ஆயில் ரோட்டில் போகிறது என்று கத்தினார். எதிர்முனையில் இன்னும் நாலு பேர் பேசும் சத்தம் கேட்டது. வார்த்தை போன பிறகுதான் சர்புன்னிசா சொன்னது உறைத்தது.

முஆத் லாரிக்கு அடியில் நுழைந்தான். வாளியை அடியில் வைத்து, விரலாலேயே நட்டைக் கழற்றினான். சூடான ஆயில் முழங்கை வரை வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். வெளியே வந்து உள்ளங்கையை நீட்டினான். நட்டின் மரையில் சுருள் சுருளாக இரும்புப் பிசிறு ஒட்டியிருந்தது.

"மரை உரிஞ்சிருக்கு மாமா."

லூசாக விட்ட நட்டுக்கு மரை உரியாது. அது அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பிச்சை முகம்மது மலையைப் பார்த்தார்.

முஆத் சாக்குத் தைக்கும் நூலில் சோப்பைத் தேய்த்து மரையில் சுற்றினான். பழைய டியூபில் ஒரு வளையம் வெட்டி வைத்து, நட்டை மெல்லத் திருகி உட்காரவைத்தான். வாளியில் பிடித்த ஆயிலைத் துண்டில் வடிகட்டி ஊற்றினார்கள். அது போதாமல் கேனில் இருந்த பழைய ஆயிலிலும் கொஞ்சம் போனது. ஒழுகல் சொட்டாகக் குறைந்தது, நிற்கவில்லை.

ஊர்ந்துதான் போனார்கள். ஒவ்வொரு மைலுக்கும் நிறுத்தி, முஆத் இறங்கி அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் எண்ணெய் கீழே இறங்கியிருந்தது; கேனிலிருந்து ஊற்றினான். பிச்சை முகம்மது விளக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பட்டறை வாசலில் லாரி நின்றபோது கேனில் ஒரு சொட்டும் இல்லை. எஞ்சின் பிழைத்தது. டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் மருமகனையே பார்த்தார்கள். தங்கமுத்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, நட்டோடு வெளியே வந்தார்.

"லூசா விட்டதுன்னு சொன்னீங்க. இது போட்டு நெரிச்ச மரையால்ல இருக்கு. யாரு பாத்த சோலி இது?"

முஆத் கையைத் துடைத்தபடியே, "நாந்தாண்ணே. தெரியாம அளவுக்கு மேல முறுக்கிட்டேன்" என்றான்.

 பிச்சை முகம்மது சும்மா இருந்தால் போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும். முப்பது வருடப் பெயர் அப்படியே இருக்கும். அவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"அவரு பொய் சொல்றாரு தங்கமுத்து. அவரு ஒழுங்காத்தான் பூட்டுனாரு. குழாயப் போட்டு முறுக்கி மரையக் கெடுத்தது நானு. தெரிஞ்சுக்கிட்டேதான் ஒங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

டீ குடித்தவர்களில் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். மருமகன் முகத்தைப் பார்க்கத்தான் அவருக்குத் தைரியம் இல்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

 முஆத் வண்டியிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வந்தான்.

"வெள்ளனேயிருந்து ஒன்னும் திங்கல நீங்க. வாங்க மாமா, ஒக்காந்து சாப்புடுவோம்."