சுண்ணாம்பு வைன்

பெண் வீட்டாரைப் பார்க்க வைன் போத்தலோடு போன யாழ்ப்பாணத்தான் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அறை, டவுன்டவுன் உணவகம் ஒன்றில் பரிசாரகன் வேலை. அங்கே வைன் பற்றிக் காதில் விழுந்ததையெல்லாம் என் சொந்த அறிவு என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் விருந்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பதும் அந்த அறிவில் அடக்கம்.

அவள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் என்னோடு பாடியவள். நாங்கள் விரும்புவது தெரிந்து முதலில் குதித்த அவளுடைய அப்பா, கடைசியில் மனமிரங்கி என்னை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைத்திருந்தார். அவள் தொலைபேசியில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"குடிக்கிறனீரோ எண்டு அப்பா கட்டாயம் கேப்பார். அதில பிழைச்சுதெண்டால் எல்லாம் முடிஞ்சுது."

நான் குடிப்பதில்லை. அதனால் பயமும் இல்லை. வைன் குடியில் சேர்த்தியா என்ன, பூசையிலேயே வைக்கிறார்களே என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு மஞ்சள் தட மெட்ரோவில் அவர்கள் வீடிருந்த லொங்குய்ய் போய் இறங்கினேன்.

கதவைத் திறந்த அப்பா போத்தலைப் பார்த்தார். "உது என்ன தம்பி?"

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன். "ரீஸ்லிங், அங்கிள். செக் எண்டு சொல்லுவினம், இனிப்பில்லாதது. உயர மலையில விளைஞ்ச திராட்சை. நிலம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. அந்தச் சுண்ணாம்பு அப்பிடியே வாயில தெரியும்."

எங்கள் முதலாளி இதைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் கண்ணை மூடி ரசிப்பார்கள். இங்கே அவளுடைய அம்மா அகப்பையோடு வெளியே ஓடி வந்தார். "ஐயோ, சுண்ணாம்போ!"

போன மாதம்தான் அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் எடுத்திருந்தார்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு, அதனால்தான் கல் என்பது யாழ்ப்பாணத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக் கதையை அவள் எனக்கு அழுதழுது சொல்லியும் இருந்தாள். இரண்டையும் சேர்த்து யோசிக்கும் இடம் என் மண்டையில் இருக்கவில்லை.

"கிணத்துக் கல்லை எடுத்துப்போட்டு இப்பதான் நிமிர்ந்தனான்," என்றார் அப்பா. "நீர் மலையில இருந்து கொண்டந்திருக்கிறீர்."

"இதில ஒண்டுமில்லை அங்கிள், பாருங்கோ," என்று நானே திறந்து ஒரு கிளாஸ் குடித்துக் காட்டினேன். புளிப்பு காதுவரை ஏறியது. "அருமை" என்றேன். அம்மா என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சந்தேகம் தீரட்டும் என்று இன்னொன்று. பிறகு, எனக்கே வந்த சந்தேகத்துக்கு மற்றொன்று. அதன் பிறகு தவக்காலப் பாட்டு ஒன்றை முழுக்கப் பாடினேனாம். எழுந்து நிற்கக் குளிர்சாதனப் பெட்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

அப்போதுதான் அப்பா கேட்டார். "தம்பி, நீர் குடிக்கிறனீரோ?"

"இல்லை, அங்கிள்."

அவளை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அழுதும் விடுவேன் போலிருந்தது. அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

"அப்பா, அவர் உண்மைதான் சொல்லுறார். பழகின ஆளெண்டால் மூண்டு கிளாசுக்கு இப்பிடி ஆடுமோ?"

அப்பா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு தனக்கென்று காய்ச்சி வைத்திருந்த பார்லித் தண்ணீரை ஒரு கோப்பையில் ஊற்றி என் முன் வைத்தார். "இதைக் குடியும். வெறியும் இறங்கும், கல்லும் வராது."

அன்று மாலை மெட்ரோ வாசல்வரை அவரே காரில் கொண்டுவந்து விட்டார். நான் இறங்கும்போது கண்ணாடியை இறக்கினார்.

"அடுத்த கிழமையும் வாரும் தம்பி. வெறுங்கையோட வாரும்."